மின்னலுக்குக் குறுக்கே ஒரு டார்ச்

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஒருவர் என்னிடம் பன்னிரண்டு வானம் கேட்டிருந்தார். மாதத்துக்கு ஒன்று. எல்லாமே இரவு வானம். தெருவிளக்கு, செல்போன் டவர், வண்டி வெளிச்சம் என்று மனுஷ வாடை எதிலும் அடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. பதினொன்றை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். மே மாதத்துக்கு மின்னல் வேண்டும். எங்கள் தூத்துக்குடியில் மே மாதம் அண்ணாந்து பார்த்தால் கண் கூசுவதோடு சரி. அதனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு தருமபுரி மாவட்டத்துக்குக் கிளம்பினேன்.

பிழைப்புக்கு நான் கல்யாணம், சடங்கு, பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறவள். நாற்பத்தேழு வயது. மின்னல் எடுப்பது என் கிறுக்கு. "ஊர்ல எல்லாரும் இடி விழன்னு அடுத்தவனத்தான் திட்டுவான். நீ ஒருத்திதான் பஸ் ஏறித் தேடிப் போற," என்று என் அக்கா வாசலில் நின்று சொன்னாள். நான் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

பென்னாகரத்தில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு கார் தேடினேன். மின்னலுக்குப் போகிறவர்களுக்குக் கார்தான் புகலிடம். இடி கிட்டே வந்துவிட்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம். ஆனால் அன்றைக்கு முகூர்த்தம். ஊரில் இருந்த கார் எல்லாம் மண்டப வாசலில் நின்றன. கிடைத்தது முனிராஜின் ஆட்டோ. ரெக்ஸின் கூரை, பக்கவாட்டில் ஒன்றுமே இல்லை. இதில் இடிக்கு ஒதுங்குவதும் குடைக்குள் ஒதுங்குவதும் ஒன்றுதான் என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

முனிராஜுக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள், தாராளமான மீசை. என்னிடம் தமிழிலும் போனில் மனைவியிடம் கன்னடத்திலும் பேசினார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதை மனைவிக்கு விளக்கியபோது 'போட்டோ' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. மறுமுனையில் பலத்த சிரிப்பு கேட்டது. தனியாவா மேடம் வந்தீங்க என்று பொழுது சாய்வதற்குள் நாலைந்து தடவை கேட்டுவிட்டார்.

இடத்தைக் காட்டியதும் அவர்தான். பென்னாகரத்துக்கு மேற்கே ஒரு ஊர். பெயரை எழுதப்போவதில்லை. ரோடு ஒரு மேட்டின் மேல் வளைகிறது. வளைவில் நின்றால் கீழே ராகி விளையும் கொல்லைகளும் மாந்தோப்பும், அதற்கப்பால் கரடு என்று இவர்கள் சொல்லும், காடு ஏறிப்போகிற ஒரு சின்ன மலையும் தெரியும். மழை மேகம் கர்நாடகப் பக்கத்திலிருந்து அந்தக் கரட்டின் முதுகின் மேல்தான் ஏறி வரும் என்றார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு விளக்குக் கம்பம் இல்லை. காலண்டர்க்காரரே வந்து பார்த்திருந்தாலும் குறை சொல்ல முடியாது.

அதே வளைவில் செல்வியின் சாப்பாட்டுக் கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. மத்தியானம் களியும் கீரைக் கடைசலும், சாயங்காலம் டீயும் போண்டாவும். எங்கள் பக்கம் களி என்றால் உளுந்தும் கருப்பட்டியும் போட்டு, பெண்பிள்ளை பெரியவளானால் கிண்டுவது. இங்கே அது ராகிக் களி, ஒரு ஆள் சாப்பாடு முழுவதும் ஒரே உருண்டையாகத் தட்டில் உட்கார்ந்திருந்தது. நான் மென்றுகொண்டே இருந்தேன். மெல்லக் கூடாது, கீரையில் தொட்டு விழுங்க வேண்டும் என்று செல்வி சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். நான் விழுங்கத் திணறுவதைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஐந்து மணிக்கு அவள் புருஷன் மாதையன் வந்தார். ஒல்லியான ஆள், தோளில் துண்டு, கையில் நீளமான டார்ச். கீழே அவர்களுக்கு ஒரு ஏக்கருக்கு மேல் ராகி நின்றது. ராகிக்கும் மாம்பழத்துக்கும் கரட்டிலிருந்து யானை இறங்கும். அதனால் தினமும் இருட்டுவதற்கு முன் கொல்லைக்குப் போய்ப் பரணில் ஏறிக் காவல் இருப்பார். விடிந்ததும் வந்து கடைக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் தூங்கப் போவார். இதெல்லாம் டீ குடிக்கும் நேரத்தில் அவரே சொன்னது. பிறகு என் கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மின்னல எதுக்குங்க படம் புடிக்கறது? அதான் வருசா வருசம் வருதே."

காலண்டருக்கு என்றேன்.

"காலண்டர்ல சாமி படந்தான போடுவாங்க. மின்னல மாட்டி வச்சா வூட்ல யாருங்க தூங்கறது?"

வேட்டி மடிப்பிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து என் பையின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு மேகமே இல்லை. வெறும் நட்சத்திரங்களை நாலு படம் எடுத்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பி, அந்தப் பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்தேன். நல்ல பழம்.

இரண்டாம் நாள் மழை பாப்பாரப்பட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டது. போனில் மேகத்தைப் பார்த்ததும் விரட்டினோம். பாதி வழியில் ஆட்டோ பஞ்சர். ஸ்டெப்னியை மச்சான் வண்டிக்குக் கொடுத்திருந்தாராம். கழற்றின சக்கரத்தை ஒரு பைக்கில் ஏற்றிக்கொண்டு முனிராஜ் போனார். நான் ரோட்டோரம் ஒரு அரிசி ஆலைக்கு எதிரில் நின்றேன். கிழக்கே ஒன்றரை மணி நேரம் மின்னல் கூத்தாடியது. அரிசி ஆலையின் ஹாலஜன் விளக்கு என் படம் அத்தனையையும் வெள்ளையடித்தது. அவர் திரும்பி வந்தபோது வானத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

கத்திவிட்டேன். ஸ்டெப்னி இல்லாமல் வாடகைக்கு வருகிறவர் என்ன டிரைவர், உங்களை நம்பி வந்தேன் பாருங்கள் என் புத்தியைச் சொல்லணும் என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அவர் குனிந்து சக்கரத்தை மாட்டினார். பாப்பாரப்பட்டியில் ஒரு கடையில் பரோட்டா தின்றபோது என் எதிரில் உட்காராமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கல்யாண வீட்டில் லைட் பிடிக்கிற பையனைத் திட்டித் திட்டி எனக்கு நாக்கு அப்படிப் பழகிப்போயிருக்கிறது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நாலு மணியிலிருந்தே கரட்டுக்குப் பின்னால் மேகம் கறுத்து ஏறியது. காற்று தகரக் கூரையைத் தூக்கிப் பார்த்தது. செல்வி கடையைச் சீக்கிரமே அடைத்தாள். மாதையன் கூரையின் மேல் கல் ஏற்றி வைத்துக் கயிறு கட்டினார். அதில் நேரம் போனது. இருவரும் என்னிடம் சொல்லிக்கொண்டு இறங்கியபோது பொழுது போய்விட்டிருந்தது.

ஆறே முக்காலுக்கு டிரைபாடை விரித்தேன். மின்னல் எடுக்கிறவர்களுக்குத் தெரிந்த வேலைதான். இருட்டில் ஷட்டரை இருபது விநாடி திறந்து வைக்க வேண்டும். அந்த இருபது விநாடிக்குள் மின்னல் விழுந்தால் படம், விழாவிட்டால் அடுத்த இருபது. வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணிக்கொண்டே இருப்பேன். எண்ணிக்கை குறையக் குறைய இடி கிட்டே வருகிறது என்று அர்த்தம். பதினெட்டு, பதினேழு என்று வந்துகொண்டிருந்தது. ஐந்துக்கு வந்தால் மூட்டையைக் கட்டிவிட வேண்டும்.

முதல் நல்ல மின்னல் விழுந்தது. திரையில் பார்த்தால் அதற்குக் கீழே குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. கரட்டின் அடிவாரத்தில் யாரோ டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இருபது விநாடி திறந்திருக்கும் ஷட்டருக்கு நடக்கிற டார்ச் ஒரு புள்ளியாகத் தெரியாது, கோடாகத் தெரியும். அந்த ஆள் சும்மாவும் நடக்கவில்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடித்துப் பார்த்துக்கொண்டே போனார். ஆறு படம் நாசம்.

"அடச் சே, எவன்யா இவன்," என்றேன்.

யாரோ காவலுக்குப் போகிறார்கள், கொஞ்ச நேரத்தில் போய்விடுவார்கள் என்றார் முனிராஜ். அந்த ஆள் போவதற்குள் மின்னல் போய்விடும், நேற்றும் போச்சு, இன்றைக்கும் போச்சு என்றேன். அந்த நேற்று என்ற சொல் அவரைச் சுட்டிருக்க வேண்டும். நேராக ஆட்டோவிடம் போனார். மூக்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி, ஹெட்லைட்டைப் போட்டு அணைத்தார். மறுபடி போட்டு அணைத்தார். மறுபடியும்.

கீழே டார்ச் சட்டென்று அணைந்தது. பள்ளம் முழுக்க ஒரே இருட்டு.

எப்படி முனிராஜ், சொன்னதும் கேட்டுக்கொண்டாரே என்று வியந்தேன். "இங்கத்து ஆளுங்களுக்குப் புரியும் மேடம்," என்றார். இரண்டு நாளில் முதல் தடவையாக முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. சபாஷ் என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாப் படமும் சுத்தம். ஒன்பதாவது படத்தில் அது கிடைத்தது. கத்தரிப்பூ நிறத்து மேகம், அதிலிருந்து ஒரே தண்டாக இறங்கிக் கரட்டின் மேல் ஐந்தாறு கிளையாகப் பிரிகிற மின்னல். வாழ்க்கையில் நான் எடுத்த மிக நல்ல படம் அதுதான். நான் கூவியதைக் கேட்டு முனிராஜ் ஓடிவந்து பார்த்தார். அவரும் கூவினார்.

எண்ணிக்கை ஏழுக்கு வந்தது, உடனே ஐந்துக்கு வந்தது. காற்றோடு பெரிய பெரிய துளியாக மழை விழுந்தது. டிரைபாடின் ஒரு கால் மடங்கமாட்டேன் என்றது. அப்படியே தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். வளைவு முடியும் இடத்தில் முனிராஜ் வண்டியை மெதுவாக்கித் திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தார். ஒரு நிமிசம் மேடம் என்று ஏதோ சொல்ல வந்தார். கேமரா நனைகிறது, போங்க போங்க என்று அவர் தோளைத் தட்டினேன். போனார்.

அன்றிரவு காலண்டர்க்காரருக்குப் படத்தை அனுப்பினேன். கட்டைவிரல் தூக்கிய பொம்மை ஆறு வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு முனிராஜ் லாட்ஜ் கதவைத் தட்டினார். மாதையண்ணன் இன்னும் வீட்டுக்கு வரவில்லையாம் என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் அந்த டார்ச்சுக்குப் பின்னால் இருந்த ஆள் யார் என்று எனக்கு உறைத்தது. என் பையின் மேல் பழம் வைத்த கை. அரை மைல் தூரத்து வெளிச்சமாகப் பார்த்தபோது அது எனக்கு ஆளாகவே தெரியவில்லை.

வளைவில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பரண் காலியாக இருந்தது. இடி வந்தால் அவர் போய் உட்காரும் மோட்டார் ரூம் பூட்டியபடி இருந்தது. மழையில் காலடித் தடம் எல்லாம் அழிந்துவிட்டது. செல்வி நேராக என்னிடம் வந்தாள்.

"நேத்து நீங்க இங்கதான இருந்தீங்க. அவரு லைட்டு தெரிஞ்சுதாங்களா?"

கேமராவை எடுத்துக் காட்டினேன். நான் நாசமாய்ப் போனது என்று சொன்ன ஆறு படங்கள். ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் நகர்ந்தது. ஆறாவதில் ஒரு பாறைக்குக் கீழே முடிந்தது. செல்வி விரலை வைத்து அது தண்ணிப்பாறை என்றாள். அங்கிருந்து பரண் கூப்பிடு தூரம்தான், அடுத்த படத்தைக் காட்டுங்கள் என்றாள். அடுத்தது இருட்டு. அதற்கடுத்ததும் இருட்டு. நான் சபாஷ் போட்ட இருட்டு.

"லைட்ட அமத்திட்டாரு," என்றாள். "எதுக்கு அமத்துனாரு?"

நான் முனிராஜைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வெளிச்சம் கண்ணில் அடித்ததும் மரியாதைக்கு டார்ச்சை அணைத்திருப்பார், அணைத்ததால் வழி தவறியிருப்பார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவர் கொல்லைக்குப் போகிற ஒற்றையடித் தடத்தில் இல்லை. தண்ணிப்பாறையின் மேல், ஒற்றையாய் நின்ற ஒரு வேங்கை மரத்தடியில் இருந்தார். மரம் உச்சியிலிருந்து அடிவரை பட்டை உரிந்து வெள்ளையாக நின்றது. நான் கீழே தடத்திலேயே நின்றுவிட்டேன். மேலே செல்வி அழவில்லை. குனிந்து பாறையைச் சுற்றிச் சுற்றி மண்ணைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நின்று ஆட்களிடம் ஏதோ கேட்டாள். பிறகு அவரிடமே கேட்டது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது.

"யானையும் வரல. அப்புறம் எதுக்குய்யா இங்க ஏறுன?"

டார்ச் அவர் மடியில் இருந்ததாகவும் சுவிட்ச் அணைத்தே இருந்ததாகவும் கீழே இறங்கியவர்கள் சொன்னார்கள். போலீஸ் வந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி, பொழுது சாயும்போது அடக்கம் செய்தார்கள். நான் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டிய நாள் அது. கிளம்ப மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை பென்னாகரத்தில் ஒரு டீக்கடையில் நின்றேன். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் மூன்று நாளாவது நல்லது பேசுவார்கள். இங்கே ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. டார்ச்சை அமர்த்திவிட்டு இருட்டில் தடத்தை விட்டுக் காட்டோரப் பாறையில் ஏறுகிறவன் எதற்கு ஏறுவான், பன்றிக்குக் கண்ணி வைக்கத்தான் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் ஆமாம் என்றார். வனத்துறை ஆட்கள்கூட வந்து பாறையைச் சுற்றிக் கம்பி ஏதாவது கிடக்கிறதா என்று தேடிவிட்டுப் போனார்களாம். அந்த மனிதர் யானைக்குக் காவல் போனவர் என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்க யாருங்க என்று கேட்டார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆட்டோவில் ஏறியதும் இதை முனிராஜிடம் சொன்னேன். அவர் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு ஒரு புளியமரத்தடியில் வண்டியை ஓரம் கட்டினார். இன்ஜினை நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"மூணு தடவ லைட்டு காட்டுனா யானை எறங்கிருச்சுன்னு அர்த்தம்ங்க. வளைவுல இருந்து பார்த்தாத்தான் கொல்லை முழுக்கத் தெரியும். அதனால வண்டிக்காரங்கதான் காட்டுவோம். கீழ இருக்கறவங்க லைட்ட அமத்திட்டு, தடத்த விட்டுட்டு, கிட்ட இருக்கற பாறையில ஏறி ஒக்காந்துக்கணும். மறுபடி ஒரு தடவ நீளமாக் காட்டுற வரைக்கும் எறங்கக் கூடாது."

சாவியை எடுத்துக் கைக்குள் உருட்டினார்.

"அஞ்சு நிமிசத்துல நீளமாக் காட்டிரலாம்னுதாங்க நெனச்சேன். படம் வந்த சந்தோசத்துல மறந்துட்டேன். அப்புறம் மழை."

வளைவில் வண்டியை மெதுவாக்கியது அதற்குத்தானா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். நான் தோளைத் தட்டிப் போங்க போங்க என்றதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பாறை மேல் செல்வி ஆட்களிடம் கேட்டதும் அதைத்தானாம், நேற்று யாராவது லைட் காட்டினீர்களா என்று. எல்லோரும் இல்லை என்றார்கள். இவரும் இல்லை என்று தலையாட்டியிருக்கிறார்.

"அக்கா," என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீங்க நாளைக்கு ஊருக்குப் போயிருவீங்க. நான் இதே ரோட்டுலதான் ஆட்டோ ஓட்டணும். எம்புள்ளைங்க ரெண்டும் அந்த ஊரு ஸ்கூல்லதான் படிக்குது."

எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. அடுத்த நிமிடம் அது முழுக்க என் மேலேயே திரும்பியது. யானைக்கு வைத்திருந்த அடையாளத்தை அவர் என் படத்துக்காகச் செலவழித்தார். செலவழிக்க வைத்தது என் நாக்கு. லாட்ஜில் உட்கார்ந்து அந்த ஒன்பதாவது படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவரைக் கொன்றது அந்த மின்னலா, நாங்கள் போன பிறகு விழுந்த ஏதோ ஒன்றா, தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை. ஆனால் அந்தப் படத்தின் இருட்டுக்குள் எங்கோ அவர் உட்கார்ந்து, நாங்கள் காட்டப்போகும் வெளிச்சத்துக்காக இந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும். பெரிய ஃபைலை அனுப்பச் சொல்லிக் காலண்டர்க்காரர் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மே மாதத்தை அவர் பிறகு வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள் மத்தியானம் ஒரு முடிவோடு கிளம்பினேன். விளக்கைக் காட்டியது நான்தான் என்று சொல்லிவிடப்போகிறேன், நீங்கள் வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம் என்று முனிராஜிடம் சொன்னேன். வெளியூர்க்காரி, விவரம் தெரியாதவள், என்னை என்ன செய்துவிடுவார்கள். மாதையன் பேர் மீளும், இவரும் பிழைத்துக்கொள்வார். அவர் வண்டியைக் கிளப்பினார்.

செல்வியின் வீட்டு வாசலில் ஒரு பந்தல் போட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். செல்வி தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"கண்ணி வைக்கப் போனாருன்னு பேசறாங்களாம்," என்றாள். "இருபத்தாறு வருசம் அவரோட இருந்துட்டேன். எங்க வூட்ல ஒரு கம்பிச் சுருள் கெடையாதுங்க. ஆனா எதுக்கு ஏறுனாருன்னு கேட்டா எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. நேத்து ராத்திரி நானே நெனச்சுப் பார்த்துட்டேன், ஒரு வேளை போயிருப்பாரோன்னு."

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சொன்னேன். படத்தில் டார்ச் வெளிச்சம் விழுகிறது என்ற எரிச்சலில் ஆட்டோ ஹெட்லைட்டைக் காட்டினேன், அதைப் பார்த்துத்தான் அவர் அணைத்தார், தப்பு என் மேல்தான் என்றேன். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நீங்க காட்டுனீங்களா?" என்றாள் செல்வி.

"ஆமா."

"எத்தன தடவ?"

"மூணு."

என்னையே பார்த்தாள். எத்தனையோ பேர் என் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

"வெளியூர்க்காரங்க ஒரு தடவ காட்டுவாங்க. இல்ல, அமத்துற வரைக்கும் காட்டிக்கிட்டே இருப்பாங்க. மூணோட நிறுத்தணும்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முனிராஜ் வண்டியை விட்டு இறங்கி வந்து பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் அண்ணி," என்றார்.

ஒரு பெண் எழுந்து, நாசமாய்ப் போறவனே, உன் கை வெளங்குமா என்று ஆரம்பித்தாள். செல்வி கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"மூணு தடவ காட்டுனயா?"

"ஆமா அண்ணி."

"நீளமாக் காட்டலியா?"

"காட்டல."

நான்தான் போகச் சொல்லி விரட்டினேன் என்று குறுக்கே சொன்னேன். செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற பெண்களைப் பார்த்துப் பேசினாள்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? போற வழியெல்லாம் சொல்லிட்டுப் போங்க. அவரு கண்ணி வைக்கப் போவல. மூணு லைட்டப் பார்த்துட்டு ஏறுனாரு. நீளமா வரல, அதனால எறங்கல. சரியாத்தான் செஞ்சிருக்காரு எம்புருசன்."

அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். பாறையிலும் அழவில்லை, அடக்கத்தின்போதும் அழவில்லை என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு மண்ணில் கையை அடித்து அடித்து அழுதாள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நானும் முனிராஜும் நின்ற இடத்திலேயே நின்றோம். எங்களைப் போகச் சொல்லவும் ஆள் இல்லை, உட்காரச் சொல்லவும் ஆள் இல்லை.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முனிராஜை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு நாளாப் பரண்ல ஆளில்ல. ராகி அப்பிடியே நிக்குது. பொழுது போவறதுக்குள்ள போய் ஏறு."

அவர் தலையாட்டினார்.

"இடி இடிச்சா மோட்டார் ரூமுக்குள்ள போயிரு. சாவி கதவு மேல இருக்குது. என்ன லைட்டு தெரிஞ்சாலும் பாறைக்குப் போவாத."

எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆட்டோவைப் பந்தலோரம் அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தார்.

என் பையையும் டிரைபாடையும் வண்டியிலிருந்து நானே இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வளைவுக்கு ஏறினேன். செல்வியின் கடை பூட்டியிருந்தது. கரட்டுக்குப் பின்னால் மறுபடியும் மேகம் கறுத்திருந்தது. கீழே முனிராஜ் ராகிக்கு நடுவே பரணை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரட்டின் மேல் மின்னல் வெட்டியது. பழக்கத்தில் எண்ணினேன். பதினான்கு. அவர் நின்று, வளைவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

பென்னாகரம் பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.